வீட்டுக்குத் தூரம்

வேளச்சேரியில் என் மகள் குடியிருக்கும் அபார்ட்மெண்டுக்கு வாட்ச்மேன் ஒரு நேபாளத்துக்காரர். மோட்டார் ரூமை ஒட்டின அறையில் மனைவியோடு இருந்தார். 2018 மே மாதம் பணி ஓய்வு பெற்று, மகள் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். முப்பத்திரண்டு வருடம் தர்மபுரி மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள் நான். எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, கண் ஏன் வெளுத்திருக்கிறது என்று கேட்டுவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. வாட்ச்மேனின் மனைவியிடமும் கேட்டேன்.

"அதெல்லாம் கரெக்டா வருதுக்கா. இங்க அந்த நாலு நாளு நிம்மதி. ஊர்ல இருந்தா மாட்டுக் கொட்டாய்ல படுக்கணும். பால், தயிர் தொடக் கூடாது. தண்ணிக் குழாகிட்ட போகக் கூடாது" என்றாள். ஐந்து வருடம் சென்னையில் பழகின தமிழ்.

அவள் ஊர் தாதெல்துரா மாவட்டம். நேபாளத்தின் தூர மேற்கு. அந்தப் பக்கத்து ஆண்கள் தலைமுறை தலைமுறையாக எல்லை தாண்டி டெல்லி, மும்பை, பெங்களூர் என்று காவல் வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வருகிறவர்கள். நாம் எல்லாரையும் கூர்க்கா என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அவர்கள் விட்டுவந்த வீடுகளில் யார் இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று நானும் அதுவரை யோசித்ததில்லை.

பயிற்சிக் காலத்தில் எனக்குப் பாடம் எடுத்த டாக்டரம்மா ஒருவருக்கு, அந்த மலைப்பகுதியில் பெண்களின் கர்ப்பம், பிரசவம், கருத்தடை இவற்றுக்காக வேலை செய்யும் சிறிய அமைப்பு ஒன்றோடு பழக்கம். "சும்மா உக்காந்திருக்கப் போறியா, பத்து வாரம் போயிட்டு வர்றியா?" என்று கேட்டார். சம்பளம் கிடையாது. போக்குவரத்து என் செலவு, தங்கலும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. சரி என்றேன்.

அதற்குப் பிறகு அந்த அமைப்பு அனுப்பின கடிதத்தைப் படித்து இரண்டு நாள் மனம் சரியில்லை. நான் ஊசி போடக் கூடாது. பிரசவம் பார்க்கக் கூடாது. உள்பரிசோதனை செய்யக் கூடாது. நேபாள நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்யாத வெளிநாட்டுச் செவிலியர் யாரும் அங்கே சிகிச்சை தர முடியாது. என் கையில் பிறந்த பிள்ளைகள் ஆயிரத்துக்கு மேல். அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரத்தான் அவ்வளவு தூரம் போகவேண்டுமா? "பிறகு நான் எதற்கு?" என்று கேட்டு எழுதினேன். வந்த பதில் இரண்டே வரி: எங்கள் ஊர் சேவிகாக்களோடு நடந்து போங்கள். அவர்கள் கேட்டால் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் கடைசியில் கிளம்பினேன். சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயில், டெல்லியிலிருந்து பன்பசாவுக்கு ராத்திரி பஸ். மகாகாளி ஆற்றின் அணைக்கட்டைத் தாண்டினால் நேபாளம். இந்தியர்களுக்கு விசா வேண்டியதில்லை. மகேந்திரநகரில் பஸ் மாறி, அத்தரியாவில் வடக்கே திரும்பி மலையேற வேண்டும். சமவெளியின் புழுக்கம் போய் பைன் மரங்கள் வந்தன. வீட்டுத் தாழ்வாரங்களில் மக்காச்சோளக் கதிர்கள் தோரணம்போலத் தொங்கின. பாதையில் எதிரே வந்தவர்களில் முக்கால்வாசி பெண்கள். ஒவ்வொருத்தி முதுகிலும் டோக்கோ என்கிற மூங்கில் கூடை. அதைத் தாங்கும் பட்டையை நெற்றியில் மாட்டியிருந்தார்கள். கூடையில் புல், விறகு, சாணி எரு. கழுத்து முன்னால் நீண்டு, இடுப்பு மடிந்து நடக்கிற அந்த நடையைப் பார்த்தவுடனே ஒரு செவிலியருக்கு வயிற்றில் ஏதோ செய்யும்.

என்னை ஒப்படைத்தது ஒரு சுகாதார சேவிகாவிடம். பெயர் வேண்டாம், ஊர் கூப்பிடுவதுபோல திதி என்றே சொல்கிறேன். அக்கா என்று அர்த்தம். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, எனக்கு ஐம்பத்தெட்டு. அவர் என்னை திதி என்றார், நான் அவரை திதி என்றேன்.

சுகாதார சேவிகா என்பது நேபாள அரசு 1988-ல் தொடங்கின ஏற்பாடு. ஒவ்வொரு வார்டிலும் தாய்மார் குழு இருக்கும். ஆமா சமூஹ் என்பார்கள். அந்தக் குழு தனக்குள்ளிருந்தே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கும். 18 நாள் பயிற்சி. மாதச் சம்பளம் கிடையாது. நாடு முழுக்க இப்படி ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள். திதியின் பையைத் திறந்து பார்த்தேன்: குலாஃப் என்ற பெயரில் கருத்தடை மாத்திரை, டால் என்ற பெயரில் ஆணுறை, இரும்புச்சத்து மாத்திரை, ஜீவன் ஜல் என்கிற உப்புக்கரைசல் பொட்டலம், பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியில் தடவ குளோர்ஹெக்சிடின் களிம்பு. தொப்புளில் சாம்பலும் எண்ணெயும் மஞ்சளும் வைக்கிற வழக்கத்துக்கு மாற்றாக, 2011-லிருந்து அந்த நாடு ஊர் ஊராகக் கொண்டுபோன களிம்பு அது. நம் ஊரில் விளக்கெண்ணெய் வைத்துச் சீழ்பிடித்த எத்தனை தொப்புளை நான் துடைத்திருக்கிறேன்! பதிவேட்டில் எழுத்தைவிடப் படங்கள் அதிகம். எழுதப் படிக்க அதிகம் தெரியாத சேவிகாவும் கோடு போட்டே கணக்கு வைக்கலாம்.

1996 கணக்கெடுப்பில், நேபாளத்தில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 539 தாய்மார்கள் இறந்தார்கள். 2016-ல் அது 239. தமிழ்நாட்டின் அன்றைய 60-ஓடு வைத்துப் பார்த்தால் இன்னும் பெரிய எண்தான். ஆனாலும் ரோடு இல்லாத மலையில் இருபது வருடத்தில் பாதிக்கும் கீழே இறக்கியிருக்கிறார்கள். மருத்துவமனைக்கு வந்து பெற்றால் வழிச்செலவுக்குக் கையில் பணம் கொடுக்கும் திட்டம் 2005-ல் வந்தது. சமவெளிக்கு 500, மலைக்கு 1,000, உயர்மலைக்கு 1,500 நேபாள ரூபாய் என்று தூரத்தைப் பார்த்துத் தொகை வைத்தார்கள். அந்தத் திட்டத்தை வீட்டு வாசல்வரை கொண்டுபோனது இந்தப் பைதான்.

மொழிக்கு எனக்கு ஒரு துணை கிடைத்தது. வேளச்சேரிப் பெண்ணின் ஓரகத்தி. அவளும் ஆறு வருடம் சைதாப்பேட்டையில் இருந்துவிட்டு, பிள்ளைகள் படிப்புக்காக ஊர் திரும்பினவள். மலையுச்சியில் ஒரு பெண் "வாங்கக்கா, டீ சாப்டீங்களா?" என்று கேட்டபோது என் கண் கலங்கிவிட்டது.

முதல் வாரத்திலேயே தப்பு செய்தேன். தாய்மார் குழுக் கூட்டத்தில் இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கர்ப்பப்பை இறக்கம் அந்தப் பக்கத்தில் அதிகம் என்று படித்துவிட்டுப் போயிருந்தேன். ஆங் கஸ்னே என்பது அவர்கள் சொல். உடம்பு கீழே விழுதல் என்று அர்த்தம். நம் பக்கத்தில் அடி இறங்கிருச்சு என்போமே, அதே. எடுத்த எடுப்பில், "உங்களில் யாருக்கெல்லாம் அது இருக்கிறது?" என்று கேட்டுவிட்டேன். மொழிபெயர்க்கவே ஓரகத்தி தயங்கினாள். அப்புறம் சொன்னாள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்குப் பதினொரு பேர்தான் வந்தார்கள்.

திதி என்னைக் கோபிக்கவில்லை. மறுநாள் காலையில் புல்லறுக்கப் போகும்போது கூட்டிப் போனார். வழியில் நாற்பது வயதுள்ள ஒரு பெண். திதி அவள் எருமையைப் பற்றிக் கேட்டார், மகனின் பரீட்சையைப் பற்றிக் கேட்டார், அவளோடு சேர்ந்து ஒரு கட்டுப் புல் அறுத்தார். கூடையைத் தூக்கிவிடக் கை கொடுக்கும்போது, மெதுவாக, "தூக்கறப்போ கீழ எதுவும் பாரமா இருக்கா?" என்றார். அந்தப் பெண் கூடையை இறக்கிவைத்துவிட்டாள். பதினாலு வருடமாக இருக்கிறதாம். இரண்டாவது பிள்ளை பிறந்த ஒன்பதாம் நாள் வயலுக்குப் போனதிலிருந்து. பழந்துணியைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டுதான் நடக்கிறாள். புருஷனுக்கும் சொன்னதில்லை.

இதை நம் வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இது நம் வீடுகளிலும் இருக்கிறது. கர்ப்பப்பையை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பவை இடுப்புக்கூட்டின் அடியில் உள்ள தசைகளும் நார்களும். பிரசவத்தில் அவை நீண்டு தளர்கின்றன. பழைய உறுதி வர வாரக்கணக்கில் ஓய்வு வேண்டும். சின்ன வயதில் கல்யாணம், அடுத்தடுத்துப் பிள்ளை, பெற்ற சூட்டோடு சுமை, போதாத சாப்பாடு எல்லாம் சேரும்போது தசை விட்டுக்கொடுக்கிறது. கர்ப்பப்பை யோனிக்குள் இறங்குகிறது, முற்றினால் வெளியிலேயே வந்துவிடுகிறது. உட்கார முடியாது, சிறுநீர் சொட்டும், புண்ணாகும், தாம்பத்தியம் நரகமாகும். ஆரம்ப நிலையில் சிறுநீரை அடக்குவதுபோல அடித்தசையை இறுக்கி விடும் பயிற்சி உதவும். அடுத்த நிலைக்கு பெசரி என்கிற வளையம். பயிற்சி பெற்றவர் உள்ளே பொருத்திவிட்டால் கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடிக்கும், சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துக் கழுவி மாற்ற வேண்டும். முற்றினவர்களுக்கு அறுவை சிகிச்சை. நேபாளத்தில் ஆறு லட்சம் பெண்களுக்கு இந்தத் துன்பம் இருப்பதாகவும், அதில் இரண்டு லட்சம் பேருக்கு அறுவை தேவை என்றும் 2006-ல் மதிப்பிட்டார்கள். 2008-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இதைக் கவனிக்காமல் விடுவது பெண்களின் இனப்பெருக்க உரிமையை மீறுவது என்று தீர்ப்பு சொன்னது. நோய் என்று கூட வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை உரிமை என்று ஒரு நீதிமன்றம் சொன்னதை நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன்.

புல்லுக்கட்டுக்காரி சுகாதார நிலையத்துக்கு வந்தாள். அங்கிருந்த செவிலியர் பரிசோதித்து வளையம் பொருத்தினார். இருபத்தைந்து வயதிருக்கும் அந்தச் செவிலியருக்கு. கை சுத்தமாக வேலை செய்தது. நான் திரைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

நான் போய்ச் சேர்வதற்குப் பத்து நாள் முன்புதான் புதிய குற்றவியல் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. மாதவிலக்கானவளையோ பிள்ளை பெற்றவளையோ கொட்டகையில் ஒதுக்கி வைத்தால் மூன்று மாதச் சிறை, அல்லது 3,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சௌபடி என்கிற அந்த வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2005-லேயே தடை செய்தது. வழக்கம் நிற்கவில்லை. ரேடியோவில் சட்டத்தைப் பற்றி நாள் தவறாமல் சொன்னார்கள்.

செப்டம்பரில் ஒரு வீட்டுக்குப் போனோம். மருமகள் சுகாதார நிலையத்தில் பெற்றுவிட்டு வந்து நாலாம் நாள். மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில், இடுப்புயரத் தடுப்புக்குப் பின்னால், வைக்கோல்மேல் குழந்தையோடு படுத்திருந்தாள். குளிருக்கு உள்ளேயே தீ மூட்டி, புகை அடைந்திருந்தது. பதினோராம் நாள்வரை அங்கேதான். எனக்கு உடம்பெல்லாம் பதறியது. போலீசுக்குப் போகலாம் என்றேன்.

"யாரைப் பிடிப்பாங்க? இந்த மாமியாரை. அப்புறம் இந்த வீட்டுக்குள்ள என்னை யார் விடுவா? அடுத்த பிரசவத்துக்கு யார் என்னைக் கூப்பிடுவா?" என்றார் திதி. குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார். பால் இறங்குகிறதா என்று பார்த்தார். தீயை அணைத்தார். பிறகு மாமியாரோடு வாசலில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

மாமியாருக்கு என் வயதுதான் இருக்கும். மருமகள்மேல் வன்மம் ஒன்றும் இல்லை. பிள்ளை பெற்றவளுக்கு நாம் கொடுப்பதுபோலவே ஓமம் போட்ட கஷாயம் அவர்தான் வேளை தவறாமல் காய்ச்சிக் கொண்டுபோய் வைத்தார். ஆனால் வீட்டுக்குள் விட்டால் தெய்வம் கோபிக்கும், எருமைக்குப் பால் வற்றும், வீட்டில் சாவு விழும். அந்தப் பயம் உண்மையான பயம். "நானும் அங்கதான் நாலு பெத்தேன். ரெண்டு தங்கலை" என்றார்.

அப்போது நான் யோசிக்காமல் பேசினேன். பென்னாகரம் பக்கத்தில் எங்கள் ஊரில் அந்த நாட்களுக்கு வீட்டுக்குத் தூரம் என்று பெயர். வயசுக்கு வந்த பிறகு மாதம் மூன்று நாள் மாட்டுக்கொட்டகைத் தாழ்வாரத்தில் தனித் தட்டு, தனிச் சொம்பு, சாக்குப் படுக்கை. ஒரு மழை ராத்திரியில் காலடியில் பாம்பு போனது. கத்தினேன், அம்மா வாசலில் நின்று அழுதாள், தொட வரவில்லை. பதின்மூன்று வயது எனக்கு. பணியில் சேர்ந்து எத்தனையோ கூட்டத்தில் பேசியிருக்கிறேன், இதை யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு ஓரகத்தி ஒவ்வொரு வாக்கியமாக அவர்கள் மொழியில் சொன்னாள். நடுவில் அவளுக்கும் குரல் உடைந்தது.

மாமியார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "இப்பவும் உங்க வீட்ல அப்படியா?"

"இல்லம்மா. என் தங்கச்சி பெரியவளானப்போ அம்மாவே நிறுத்திட்டாங்க."

"நிறுத்தினப்புறம் மாடு செத்துதா?"

"சாகல. அந்த வருஷம் ரெண்டு கன்னு போட்டுச்சு."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். மூன்றாம் நாள் திதி சொல்லித் தெரிந்தது: மருமகளையும் குழந்தையையும் தாழ்வாரத்தை ஒட்டின சாமான் அறைக்கு மாற்றிவிட்டார்களாம். கதவும் ஜன்னலும் உள்ள அறை. வீட்டுக்குள் இன்னும் விடவில்லை. அடுத்த மாதவிலக்குக்கு அவள் மறுபடி கொட்டகைக்குத்தான் போவாள் என்பது எனக்கும் தெரியும், திதிக்கும் தெரியும்.

அக்டோபரில் தசைன் வந்தது. நம் தசராதான். தூர தேசம் போன ஆண்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும் மாதம். மூன்று வாரத்துக்கு முன்பே திதியின் நடை இரண்டு மடங்காகிவிட்டது. புருஷன் ஊரில் இல்லாதவள் மாத்திரை சாப்பிட்டாலோ, நம் ஊரில் அந்தரா என்று போடும் அதே மூன்று மாத ஊசிக்குப் போனாலோ அக்கம்பக்கம் சந்தேகப்படும். அதனால் நிறுத்திவிடுவார்கள். அவன் திடீரென்று வந்து நிற்பான். ஊசியோ மாத்திரையோ மாதவிலக்கு வந்த முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் உடனே பாதுகாப்பு. மற்ற நாட்களில் தொடங்கினால் ஏழு நாளைக்கு ஆணுறையும் வேண்டும். அதனால் பஸ் வருவதற்கு முன்பே தொடங்கியாக வேண்டும். எந்த வீட்டில் யார், எந்த தேதி வருகிறார் என்பது திதிக்கு மனப்பாடம். தபால்காரருக்குக்கூடத் தெரியாது.

அப்படியும் தப்பிப்போனவர்கள் உண்டு. நவம்பரில் இரண்டு பேர் வந்தார்கள். கருக்கலைப்பு நேபாளத்தில் 2002-ல் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. அதற்கு முன்னால் கலைத்த பெண்களைச் சிறையில் போட்டிருந்தார்கள். சட்டம் வந்த பிறகும், இதே தாதெல்துரா மாவட்டத்து ஏழைப் பெண் ஒருவர் மருத்துவமனையில் கேட்ட 1,130 ரூபாய் இல்லாததால் ஆறாவது பிள்ளையைப் பெற வேண்டியதாயிற்று. அவர் வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம், பணமில்லை என்பதால் ஒரு பெண்ணுக்கு இந்தச் சேவை மறுக்கப்படக் கூடாது, அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்றது. நான் அங்கிருந்த 2018 செப்டம்பரில்தான் பாதுகாப்பான தாய்மைக்கான தனிச் சட்டம் நிறைவேறியது. 12 வாரத்துக்குள் பெண்ணின் சம்மதமே போதும். ஆனாலும் 2016 ஆய்வில் பத்தில் நான்கு பெண்களுக்குத்தான் அது சட்டப்படி சரி என்று தெரிந்திருந்தது. நம் நாட்டில் 1971-லேயே சட்டம் வந்தாயிற்று. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு ரத்தம் நிற்காமல் என்னிடம் வந்தவர்களை நினைத்துக்கொண்டேன். அந்த இரண்டு பேரையும் திதி அனுமதி பெற்ற இடத்துக்குத் தானே கூட்டிப் போனார், போக நாலு மணி நேரம்.

திரும்பி வந்த பிறகு, செவிலியர் கல்லூரிப் பெண்கள் சிலர் இப்படிப் போவது பற்றிக் கேட்கிறார்கள். பெரிய தொகை வாங்கிக்கொண்டு, வெளிநாட்டில் பிரசவம் பார்க்க வாய்ப்பு என்று ஆசை காட்டுகிற இடங்கள் உண்டு. உன் ஊரில் உனக்கு அனுமதி இல்லாத எதையும் வேறொரு ஏழைப் பெண்ணின் உடம்பில் செய்ய அனுமதிப்பவர்களோடு போகாதே என்கிறேன். மூன்று வாரம் போதாது. நீ போவது யார் கேட்டதால் என்று விசாரி. ஒருத்தி கொட்டகையில் கிடப்பதைப் படம் எடுக்காதே. எனக்கு அந்தக் கடிதம் அன்று வலித்தது, இன்று அதை எழுதினவருக்கு நன்றி சொல்கிறேன்.

2019 ஜனவரியில், அதே தூர மேற்கின் பாஜுரா மாவட்டத்தில் ஒரு தாயும் அவளுடைய இரண்டு மகன்களும் சௌபடிக் குடிசையில் குளிருக்கு மூட்டின தீயின் புகையில் மூச்சடைத்து இறந்தார்கள். செய்தியைப் பார்த்தவுடனே, மகள் வீட்டில் இருந்தபடியே ஓரகத்திக்குப் போன் போட்டேன். திதி பக்கத்தில்தான் இருந்தார். அவர்களும் கேள்விப்பட்டிருந்தார்கள். சாமான் அறையில் இருந்த குழந்தை நன்றாக இருக்கிறது என்றார்கள். புல்லுக்கட்டுக்காரி வளையத்தை மாற்றிவிட்டாள்.

வேளச்சேரிக்காரி அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. பிரசவத்துக்கு ஊருக்குப் போகிறாள் என்று சொன்னேன். திதி உடனே பதிவேட்டை எடுக்கச் சொல்லும் சத்தம் கேட்டது. கடைசி மாதவிலக்குத் தேதி கேட்டார், தடுப்பூசி ஆயிற்றா என்று கேட்டார், இரும்பு மாத்திரை இதுவரை எத்தனை சாப்பிட்டிருக்கிறாள் என்று கேட்டார். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு கீழே இறங்கி மோட்டார் ரூமுக்குப் போனேன். அவள் தகர டப்பாவைக் கவிழ்த்தாள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து காலி அட்டைகளில் மாத்திரை இருந்த குழிகளை எண்ணினோம். நாற்பத்திரண்டு.